பின் சந்தும் வெள்ளக் காப்பீடும்

மலைமேல் குடியிருக்கிறவனுக்கு வெள்ளத்துக்கு எதற்கு இன்சூரன்ஸ் என்று என்னைக் கேட்காத ஆள் நம் ஊரில் இல்லை. கடைக்குக் குடை வாங்க வந்தவர் கேட்டார். முடிவெட்டுகிறவர் பாதி வெட்டில் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கோயம்புத்தூரில் இருக்கும் உங்கள் பெரிய மாமா போனில் சிரித்த சிரிப்பு, ஸ்பீக்கரில் போடாமலே அடுப்படி வரைக்கும் கேட்டது.

"மாப்ளே, நீங்க மூழ்கோணும்னா மொதல்ல மேட்டுப்பாளையம் மூழ்கோணும். அப்பறம் நாங்க மூழ்கோணும். அதுக்குள்ள நீங்க ஒரு படகு வாங்கிக்கலாம். இன்சூரன்ஸுக்குக் கட்டற காசுல படகே வாங்கிப் போடுங்க."

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எனக்கு எப்போதும் பதில் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். இது இரண்டு வருடம் கழித்து வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் ஒருநாள் இந்த வீட்டுக்கு உரிமைக்காரர்கள் ஆவீர்கள். இந்தத் தலைவலி அப்போது உங்கள் தலைக்கு வரும். என்ன முடிவு எடுத்தேன், அதற்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஏன் திண்டாடினேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். மூத்தவள் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவாள். வரட்டும்.

கீழே சமவெளியில் வெள்ளம் என்றால் தண்ணீர் வாசல் வழியாக வரும். ஆறு நிறையும், ஏரி உடையும், தெரு நிறையும், அப்புறம் படி ஏறி உள்ளே வரும். வருவதற்கு முன்னால் அதைப் பார்க்கலாம். நம் ஊரில் அது முதுகுப் பக்கமாக வருகிறது. சரிவை வெட்டித்தான் இங்கே எல்லாரும் வீடு கட்டியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு. அது சரியாமல் இருக்க ஒரு கல் சுவர். அந்தக் கல் சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கமும் தொடுகிற அகலத்தில் ஒரு சந்து. மேலிருந்து வருகிற தண்ணீர் அந்தச் சந்தில் விழுந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு, படிக்கட்டு ஓரமாகக் கீழே போய்விடும். மேல் வீட்டுக்காரரின் வாசல் நம் கூரை உயரத்தில் இருக்கிறது. நம் வாசலில் நின்றால் கீழ் வீட்டுத் தகரக்கூரை முழங்காலுக்கு நேராக இருக்கிறது. நீங்கள் பார்த்து வளர்ந்ததுதான். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வளர்ந்தால் அவர்களுக்கும் புரிய வேண்டுமே என்று எழுதுகிறேன்.

இப்போது என் தப்பை எழுதுகிறேன். மூத்தவள் ஆறாவது போனபோது தனி அறை வேண்டும் என்றாள். நியாயமான ஆசைதான். சின்னவன் அப்போது தூக்கத்தில் உதைப்பான். ஆனால் மலையில் அறை கட்டச் சமதரைக்கு எங்கே போவது? முன்னால் இரண்டடி தள்ளினால் கீழ் வீட்டுக் கூரைமேல் விழுவோம். பக்கத்தில் படிக்கட்டு. மிச்சம் இருந்த ஒரே சமதரை பின் சந்து. மேஸ்திரி வந்து பார்த்தார்.

"ஆறு இஞ்ச் கொழாய் ஒண்ணு அடியில போட்டு மேல காங்கிரீட் போட்டுக்கலாமுங்க. தண்ணி அது பாட்டுக்கு அடியில போயிரும். நீங்க மேல குடியிருக்கலாம்."

"கல் சுவத்தை என்ன பண்றது?"

"அதையே ரூமுக்குப் பின் சுவரா வெச்சுக்குங்க. பூசி வெள்ளையடிச்சா எந்தக் கம்மனாட்டிக்குத் தெரியப்போவுது? ஒரு சுவத்துச் செலவு மிச்சமுங்களே!"

எனக்கு அந்த மிச்சம் பிடித்திருந்தது. நம் சரிவில் மேலும் கீழும் ஏறிப் பாருங்கள், பத்து வீட்டில் பாதி வீடு இதையே செய்திருக்கும். ஒருவர் சந்தைக் குளியலறை ஆக்கியிருப்பார். ஒருவர் விறகறை, ஒருவர் மாமியாருக்கு அறை. எல்லாரும் செய்கிறார்கள் என்பதாலேயே அது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. நானும் வெள்ளையடித்து, இளம் பச்சையில் ஒரு ஜன்னல் வைத்து, மூத்தவளின் கட்டிலைக் கல் சுவரோரமாகப் போட்டேன். அவள் ஆனந்தத்தில் கதவில் 'உள்ளே வர அனுமதி பெறவும்' என்று எழுதி ஒட்டினாள்.

அவள் பத்தாவது படித்த வருடம் ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்தது. நான் கடையில் இருந்தேன். தார்ப்பாய், குடை, மழைக்கோட்டு விற்கிறவனுக்கு மழை என்றால் வியாபாரம். ஆனால் என் கடையை வைத்தே ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். முன்னெல்லாம் தார்ப்பாய்க்கு ஆள் வருவது ஒரே சீராக இருக்கும். மழைக்கு முன்னால் வந்து, தொட்டுப் பார்த்து, விலை பேசி, வீட்டுக்குப் போய் அளவெடுத்துவிட்டு மறுபடி வருவார்கள். மழையும் அப்படித்தான், நாலு நாள் விடாமல் நூல் நூலாக விழும். மண் குடித்துக்கொண்டே இருக்கும். இப்போது ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது. ஆட்கள் நனைந்துகொண்டே ஓடிவந்து, விலையே கேட்காமல், "எது பெருசோ அதைக் குடுங்க" என்கிறார்கள். தார்ப்பாயைப் பற்றி யாரும் நினைக்காத மாதத்திலும் வருகிறார்கள். பருவநிலை மாற்றம் என்று உங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு பாடம் இருக்கிறதே, அதை நான் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று படித்தேன்.

அன்றைக்கு மழை விட்டதும் உங்கள் அம்மா போன் செய்தாள். "ஏனுங்க, கடையைச் சாத்திட்டு வாங்க" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பாதி மடித்த தார்ப்பாயை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மூத்தவள் அறையில் கணுக்கால் தண்ணீர். அடியில் போட்ட குழாயை இலையும் பால் கவரும் ஒரு ரப்பர் செருப்பும் சேர்ந்து அடைத்துக்கொண்டன. மேலிருந்து வந்த தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் கல் சுவரின் இடுக்குகள் வழியாக அறைக்குள்ளேயே பீய்ச்சியிருக்கிறது. உள்ளே நிறைந்து, அடுப்படி வழியாக, முன்வாசல் வழியாக வெளியே போயிருக்கிறது. சமவெளியில் வாசல் வழியாக உள்ளே வரும் வெள்ளம், நம் வீட்டில் வாசல் வழியாக வெளியே போனது. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். புத்தகங்கள் ஊறிப் போயின, மெத்தை போயிற்று, வேறு சேதம் இல்லை. காய்ந்த பிறகு பார்த்தால், கட்டிலுக்கு மேலே வெள்ளைப் பூச்சு வயிறு தள்ளி நின்றது.

அதற்குப் பிறகுதான் எனக்கு இன்சூரன்ஸ் நினைப்பு வந்தது. இதில் ஒரு கூத்து. நம் வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்றே நான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கியில் இன்சூரன்ஸ் தாளிலும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பெட்டியைத் துழாவி அந்தத் தாளை எடுத்து, மூத்தவளைப் படிக்கச் சொன்னேன்.

"அப்பா, கடன் முடியற வரைக்கும்தான் இது. கடன் முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு."

"அப்ப இந்த மூணு வருஷமா?"

"இந்த மூணு வருஷமா நீங்க சும்மா நிம்மதியா இருந்திருக்கீங்க."

கடைக்கு அடிக்கடி வருகிற ஏஜெண்ட் ஒருவரிடம் சொன்னேன். பல வருடமாக ஆயுள் காப்பீடு பிடிக்கிறவர். மனிதர்கள் சாவதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். வீட்டைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லையாம். ஒரு வாரம் கழித்து ஒரு ஃபாரத்தோடு வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்தார். அந்த ஃபாரம் மலையையே பார்க்காத ஆள் எழுதியது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துபோயிற்று.

"அண்ணா, ஊடு ரோட்டுக்கு மேல எத்தனை அடி ஒசரத்துல இருக்குதுன்னு கேக்குது."

"எந்த ரோட்டுக்கு? கீழ் ரோட்டுக்குன்னா அம்பதடி மேல. மேல் ரோட்டுக்குன்னா நாங்க கீழ இருக்கறோம்."

"அதைப் போட எடம் இல்லீங்ணா. சரி, அடுத்தது. கடல்ல இருந்து எவ்வளவு தூரம்?"

"எந்தக் கடலு?"

"ஏதோ ஒரு கடலுங்ணா. பக்கத்துல இருக்கறதைப் போடுவோம். கோழிக்கோடா, ராமேஸ்வரமா?"

எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஆறு எத்தனை தூரம், ஏரி எத்தனை தூரம், அணைக்கட்டு எத்தனை தூரம் என்று வரிசையாகக் கேட்டார்கள். முதுகுக்குப் பின்னால் நிற்கிற மண்மேட்டை ஒருவரும் கேட்கவில்லை. இந்த வெள்ளத்துக்கான ஃபாரத்தில் என் வீட்டுக்கு வருகிற வெள்ளத்துக்கு இடமே இல்லையா என்று கேட்டேன்.

"இருக்குதுங்ணா. மண்சரிவும் இதுலயே சேர்ந்து வருது" என்று தாளைத் திருப்பினார். திருப்பிய பக்கத்தில்தான் வந்தது அந்தக் கேள்வி. வீட்டைச் சுற்றியுள்ள நீர்வழி எதையாவது அடைத்தோ மாற்றியோ கட்டியிருக்கிறீர்களா?

ஏஜெண்டுக்கு நம் அறை தெரியும், வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"இல்லைன்னு போட்டுருங்ணா. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"ஊர்ல தான் யாருமே போட்டதில்லைன்னு சொன்னீங்களே?"

"போட்டாங்கன்னா அப்படித்தான் போடுவாங்க."

ஃபாரத்தை வீட்டுக்கு எடுத்துவந்தேன். பென்சிலால் 'இல்லை' என்ற கட்டத்தில் லேசாக ஒரு டிக் போட்டு வைத்தேன், மனதுக்குப் பழகட்டும் என்று. உங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, இது யாரு போட்ட டிக்கு?"

"ஏஜெண்ட் சொன்னாரு."

"கையெழுத்தும் அவரே போட்டுக்குவாரா?"

மூத்தவள் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை என்று போட்டிருக்கிறது. கட்டியதில் குறை இருந்து அதனால் சேதம் வந்தாலும் அப்படித்தான். அதாவது அந்த அறையால் வரும் ஆபத்துக்குப் பயந்துதான் நான் இன்சூரன்ஸ் தேடுகிறேன். அந்த அறையை மறைத்தால் இன்சூரன்ஸ் செல்லாது. மறைக்காமல் சொன்னால் தருவார்களோ மாட்டார்களோ. மூன்று நாள் இதையே நினைத்துக் கடையில் இரண்டு பேருக்கு அளவு மாற்றித் தார்ப்பாய் வெட்டிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் எனக்கு ஒரு வழி தோன்றியது. குழாய் பத்தாமல் போனது தண்ணீர் அதிகம் வந்ததால்தானே? மேல் வீட்டுத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டால் குழாய் போதும். குழாய் போதும் என்றால் நீர்வழியை அடைத்ததாக ஆகாது. வக்கீல் மாதிரி யோசித்துவிட்டேன் என்று எனக்கே பெருமை.

மேல் வீட்டில் இருப்பவர் எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலைத் தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்வெட்டரோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார். அவர் கூரைத் தண்ணீர், குளியலறைத் தண்ணீர், வாசல் தண்ணீர் மூன்றும் நம் கல் சுவர் தலையில் வந்து விழுவதைக் காட்டினேன்.

"ஏனுங்க சார், இதைக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பினா ஆகாதுங்களா?"

அவர் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தண்ணி கீழ தான் போகும் தம்பி. மேல போகச் சொல்றீங்களா?"

"மேல வேண்டாமுங்க, பக்கத்துல."

"பக்கத்துல வாத்தியார் ஊடு. அவருகிட்ட நீங்க பேசறீங்களா? நான் பேச மாட்டேன். அவரு எம்மேல ஏற்கனவே ஒரு பெட்டிஷன் போட்டுட்டாரு." அப்புறம் கையை நீட்டித் தன் வீட்டுக்குப் பின்னால் காட்டினார். "எனக்கும் மேல நாலு ஊடு இருக்குது. அவங்க தண்ணியெல்லாம் என் தலையில விழுது. நான் யாருகிட்டயாவது போய் அழுதனா?"

சண்டை போடவும் முடியவில்லை. டீ வேறு கொடுத்தார், ஃபாக்டரியில் தானே பொறுக்கியெடுத்த தூள் என்று. குடித்துவிட்டு இறங்கினேன். மனிதர்களுக்குக் கொஞ்சமாவது அடுத்தவன் வீட்டைப் பற்றிய நினைப்பு வேண்டாமா என்று முணுமுணுத்துக்கொண்டே நம் வாசலுக்கு வந்தால், கீழ் வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தார். பஜாரில் பேக்கரி வைத்திருக்கிற பாயின் மனைவி. ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசாதவர்.

"தம்பி, உங்களைத்தான் பாக்க வந்தேன். உங்க ஆறு இஞ்ச் கொழாய் எங்க சமையக்கட்டுச் சுவத்துக்கு நேரா வந்து அடிக்குது. முன்னாடி சுத்திப் போயிட்டிருந்த தண்ணி. நீங்க ரூமு கட்டுனதுல இருந்து ஒரே எடத்துல பீய்ச்சுது. மாவு மூட்டை ரெண்டு போச்சு. கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பினா ஆகாதா?"

அரை மணி நேரத்துக்கு முன்னால் நான் மேலே சொன்ன அதே சொற்கள். எனக்கு வாயில் வந்ததை நல்ல வேளையாக அடக்கிக்கொண்டேன். தண்ணி கீழ தானே போகும் அக்கா என்றுதான் வந்தது. நாலு வருடமாக அவர் சுவரில் என் தண்ணீர் அடித்திருக்கிறது. நான் மேலே மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். உள்ளே போய்ப் பென்சில் டிக்கை ரப்பரால் அழித்தேன். 'ஆம்' என்ற கட்டத்தில் பேனாவால் போட்டேன். சந்தை அடைத்து அறை கட்டியிருக்கிறேன், அடியில் குழாய் இருக்கிறது என்று பக்கத்தில் தமிழில் எழுதினேன். ஏஜெண்ட் தலையில் அடித்துக்கொண்டார். "உண்மையை எழுதிப்போட்டா ஆள் வந்து பாப்பாங்ணா!" என்றார். வரட்டும் என்றேன்.

மார்கழியில் ஆள் வந்தார். கோயம்புத்தூரிலிருந்து கம்பெனி சார்பில் வீட்டைப் பார்க்க வந்தவர். நாற்பது வயது இருக்கும். தோல் ஷூ போட்டுக்கொண்டு நம் படியில் மூன்று இடத்தில் வழுக்கி, கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. உங்கள் அம்மா சுக்குக்காப்பி கொடுத்தாள். நான் நல்ல அறையெல்லாம் முதலில் காட்டினேன், பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுகிற மாதிரி. அவர் நேராகப் பின்னறைக்குப் போனார். கதவில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, "அனுமதி கெடைக்குமுங்களா?" என்று மூத்தவளைக் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே விலகினாள்.

உள்ளே போய்ப் பின் சுவரை விரல் முட்டியால் தட்டினார்.

"இதுக்கு அந்தப் பக்கம் என்னங்க இருக்கு?"

"மண்ணுங்க."

"அதுக்கும் பின்னாடி?"

"அதுவும் மண்ணுதாங்க."

"மேல?"

"டீ மேக்கர் ஊடு."

பூச்சு வயிறு தள்ளிய இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். என் கையையும் பிடித்து வைத்தார். மழை விட்டு இரண்டு வாரம் ஆகியும் சுவர் சில்லென்று ஈரமாக இருந்தது. அப்புறம் கட்டிலைக் காட்டினார்.

"இதுல யாருங்க படுக்கறாங்க?"

"என் பொண்ணுங்க."

அவர் கையில் பேனா இருந்தது. ஆனால் எழுதவில்லை. எழுதிக்கொள்ளவில்லையா என்று கேட்டேன்.

"இது ஃபாரத்துல இல்லீங்க. நானாக் கேட்டேன்."

வாசலில் நின்று, முன்பகுதி வீட்டுக்குக் காப்பீடு தரலாம் என்று எழுதப்போவதாகச் சொன்னார். பின்னறையைச் சேர்க்க முடியாது. அது வீட்டுச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் இருக்கிறது, அது இருக்கிற வரை வீட்டின் மற்றப் பகுதிக்குத் தண்ணீரால் சேதம் வந்தாலும் பணம் தருவதில் கேள்வி வரும் என்றார். "இந்த ரூமை நாங்க எடுக்க மாட்டமுங்க" என்று முடித்தார். குரலில் கோபமோ அதிகாரமோ இல்லை. இறங்கும்போதும் வழுக்கினார்.

அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலை எழுதி முடியாது. அந்த மனிதர் மேல் இல்லை, என் மேல்தான். இரண்டு மாதமாக ஊரெல்லாம் சுற்றி, அந்தச் சுவர் விழுந்தால் யார் பணம் தருவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடல் எத்தனை தூரம் என்று தேடினேன். மேல் வீட்டுத் தண்ணீர், கீழ் வீட்டுத் தண்ணீர் என்று பஞ்சாயத்துப் பேசினேன். அந்தச் சுவரோரமாக என் மகள் படுத்திருக்கிறாள் என்பதை ஒரு நாளாவது வாய்விட்டுச் சொன்னேனா? ஈரமெத்தையை வெயிலில் காயப்போட்டு, முடியாமல் புது மெத்தை வாங்கி, மறுபடி அதே கட்டிலில் அதே இடத்தில் போட்டதும் நான்தான். இடர்களை விலைபோட்டு வாங்குவதையே தொழிலாக வைத்திருக்கிற கம்பெனியே வேண்டாம் என்று தள்ளிய இடத்தில் நான் பிள்ளையைப் படுக்கவைத்திருக்கிறேன்.

அன்று மாலையே கட்டிலைத் தூக்கிக் கூடத்தில் போட்டேன். தையில் வெயில் பிடித்ததும் அறையை இடிக்கப்போகிறேன் என்று சாப்பிடும்போது சொன்னேன். மூத்தவள் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"பப்ளிக் பரீட்சைக்கு ரெண்டு மாசம்தாம்ப்பா இருக்கு."

"தெரியும் அம்மிணி."

"நாலு வருசமா அங்கதான் தூங்குனேன். ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலைங்கறது என் சாமர்த்தியம் இல்ல அம்மிணி."

"அப்ப பரீட்சை முடிஞ்சு இடிங்க. நான் கூடத்துலயே படுத்துக்கறேன். படிக்க மட்டும் அங்க போறேன்."

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டிவிடுவேன் என்று பயந்துதான் பார்த்திருப்பாள். எனக்கும் தலை ஆடப்பார்த்தது. நியாயமாகத்தான் கேட்டாள், மாசியில் மழையும் இருக்காது. ஆனால் பரீட்சை முடியட்டும், கோடை விடுமுறை முடியட்டும், மேஸ்திரிக்குக் கையில் இருக்கிற வேலை முடியட்டும் என்று நான் தள்ளிப்போடுகிற ஆள் என்பது எனக்குத் தெரியும். அடுத்த ஐப்பசி வந்து நிற்கும், அறையும் நிற்கும். முடியாது என்றேன். அவள் அழுதுகொண்டே போய்க் கதவில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு வந்தாள். சின்னவன் மட்டும் வந்து, இடிக்கும்போது ஒரு சுத்தியல் தருவீர்களா என்று கேட்டான்.

இடிக்க ஆறு நாள் ஆயிற்று. கட்டிய அதே மேஸ்திரியைத்தான் கூப்பிட்டேன். "நானே கட்டி நானே இடிக்கறது இதுதாங்க மொதத் தடவை" என்றார், ஏதோ விருது வாங்குகிறவர் மாதிரி. கல் சுவரில் இரண்டு இடத்தில் கற்கள் வெளியே தள்ளியிருந்தன. வெள்ளைப் பூச்சுதான் நாலு வருடமாக அதை மூடிவைத்திருந்தது. அதைப் பிரித்துத் திரும்பக் கட்டி, தண்ணீர் கசிந்து வெளியே வர ஓட்டைகள் விட்டோம். சந்து பழைய அகலத்துக்கு வந்தது. ஆனால் திறந்துவிட்ட தண்ணீர் இனி கீழ் வீட்டுச் சுவரில் அடிக்கக்கூடாது. படிக்கட்டு ஓரம் வரை கால்வாய் எடுக்க வேண்டும். பாயும் நானும் பங்கு போட்டு எடுத்தோம். மேல் வீட்டு டீ மேக்கரைப் பங்குக்குக் கேட்டேன். பங்கு தரவில்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து மேலே போட்டு உட்கார்ந்து, "லெவல் பாத்து வெட்டுங்கப்பா, லெவல் பாத்து" என்று மூன்று நாளும் வேலை வாங்கினார். கடைசி நாள் தன் குளியலறைத் தண்ணீரை மட்டும் ஒரு குழாய் போட்டு அந்தக் கால்வாயில் சேர்த்துவிட்டார். அந்த மட்டும் லாபம்.

மாசியில் ஃபாரத்தை மறுபடி எழுதினோம். அதே கேள்விக்கு, அடைத்திருந்தேன், இடித்துத் திறந்துவிட்டேன், புகைப்படம் இணைத்துள்ளேன் என்று எழுதினேன். மூத்தவள்தான் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்காமல். பங்குனியில் காப்பீட்டுப் பத்திரம் வந்தது. வீடு முழுவதுக்கும், தண்ணீருக்கும் மண்சரிவுக்கும் சேர்த்து. அவள் பரீட்சைக்கு அடுப்படியில் அரிசி டிரம்மின் மேல் புத்தகத்தை வைத்துப் படித்தாள். நல்ல மதிப்பெண்தான். ரூமு இருந்திருந்தால் இன்னும் வந்திருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறாள். இருக்கலாம்.

அடுத்த ஐப்பசிக்கு நான் தயாராக இருந்தேன். சந்தில் ஓர் இலை இல்லை. மண்வெட்டி வாசலில் சாத்தியிருந்தது. பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்திருந்தேன். அந்த வருடம் மழை பேருக்குப் பெய்தது. நாலு நாள் தூறல், அப்புறம் பனி. சந்தில் ஓடிய தண்ணீரில் ஒரு சோப்பு டப்பாகூட மிதந்திருக்காது. கடையில் தார்ப்பாய் தேங்கிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது மூத்தவள் அடுப்படி ஜன்னலில் வந்து நின்றாள்.

"எங்கேப்பா உங்க மழை?"

"வரும் அம்மிணி."

"வரலீன்னா?"

"வரலீன்னா நல்லதுதானே?"

"அப்ப என் ரூமு?"

பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினேன். என்ன சொல்வது? மழை வந்து, சுவர் விழுந்து, அப்பா சொன்னது சரி என்று அவள் சொல்ல வேண்டும் என்றா நான் ஆசைப்பட முடியும்? ஒன்றும் நடக்காமல் இருக்கத்தான் இத்தனையும் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை என்றால் செய்தது வீண் என்று பிள்ளை கேட்கிறாள். இதற்கு எந்த ஏஜெண்டிடமும் பதில் இருக்காது.

பங்குனியில் பத்திரத்தைப் புதுப்பிக்கச் சொல்லித் தகவல் வந்தது. வீணாகக் கட்டுகிறோமோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அப்புறம் கட்டிவிட்டேன். நீங்களும் கட்டுங்கள். மலையில் வீடு வைத்திருக்கிறவனுக்கு அது வேண்டும் என்பதுதான் என் முடிவு. ஆனால் அந்தத் தாளை வாங்குவதற்கு முன்னால் யார் எந்தச் சுவரோரம் படுக்கிறார்கள் என்று வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள்.

முன்கூடத்தின் மேல் கான்கிரீட் தளம் இருக்கிறது, அதன்மேல் சின்னதாக ஓர் அறை எடுக்கலாமா என்று ஓர் இஞ்சினியரைக் கேட்டிருக்கிறேன். மேஸ்திரியை இல்லை. அந்தப் பாரத்தைக் கீழே உள்ள சுவர் தாங்குமா என்று பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மூத்தவள் ப்ளஸ் டூ முடிப்பதற்குள் சொல்லிவிட்டால் நல்லது. அவள் இப்போதே ஜன்னல் எந்தப் பக்கம் என்று தாளில் வரைந்து, என் தலையணைக்கடியில் வைத்துவிட்டாள்.